பெடலை மிதித்தால் கார் ஏன் யோசிக்கிறது? மொரிஸ் மைனர் காலத்திலிருந்து ஒரு சின்ன வரலாறு



இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். “சேர், புதுசா எடுத்த வாகனம், எக்ஸலேட்டர மிதிச்சா உடனே இழுக்குதில்ல. என்ஜின் பழுதா?” நாங்கள் படிப்பிப்பது வரலாறு, வாகனம் அல்ல. ஆனாலும் கேட்கிறார்கள். எங்கள் கார் பட்ட பாடு தெமட்டகொடையில் பாதிப் பேருக்குத் தெரியும் என்பதுதான் காரணம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட இங்கே எழுதி வைக்கிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். பாடசாலை விட்டு வரும் நேரம், பின் சீட்டில் பிள்ளைகள். ஒழுங்கையிலிருந்து பேஸ்லைன் வீதிக்கு ஏற வேண்டும். தூரத்தில் ஒரு பஸ் வருகிறது, நேரம் இருக்கிறது என்று பெடலை மிதித்தோம். கார் நகரவில்லை. ஒரு விநாடி, ஒன்றரை விநாடி இருக்கும். பாதி உடம்பை வீதியில் வைத்துக்கொண்டு அது யோசித்தது. பிறகு ஒரே இழுவையாக இழுத்தது. பஸ்காரர் பிரேக் அடித்ததால் இன்று இதை எழுதுகிறோம்.

அதன் பிறகு மாதக் கணக்கில் கராஜ் கராஜாக அலைந்தோம். ஒரு இடத்தில் பிளக் நான்கையும் மாற்றினார்கள். இன்னொரு இடத்தில் பெற்றோல் பம்பில் குற்றம் சொன்னார்கள். மூன்றாவது இடத்தில் பெடலோடு பூட்டுகிற ஒரு சிறிய மின்பெட்டியை விற்றார்கள், “இதைப் போட்டால் பறக்கும்” என்று. யாரும் எங்களை ஏமாற்ற நினைத்ததாக நாங்கள் எண்ணவில்லை. அவர்கள் கையில் இருந்தது பழைய காரின் அறிவு. எங்கள் கார் வேறு வகை. இந்த இடைவெளி எப்படி வந்தது என்பதுதான் விஷயம்.

வாப்பாவிடம் ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார் அது. இலங்கையில் அதற்கு இருந்த மதிப்பு பெரியவர்களுக்குத் தெரியும். பிற்காலத்தில் அதன் பாகங்களை இங்கேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினோம் என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் காரில் இருந்தது எஸ்.யு காபரேட்டர். அதன் தலையில் ஒரு சின்ன மூடி. திருகிக் கழற்றினால் உள்ளே ஒரு குச்சி, அதைச் சுற்றி எண்ணெய்.

பெடலை மிதித்ததும் காற்று திடீரென்று கூடும். பெற்றோல் காற்றை விடப் பாரமானது, உடனே கூடி வராது. அந்த ஒரு கணம் கலவை மெலிந்து என்ஜின் இருமும். இதைத் தடுக்கத்தான் அந்த எண்ணெய். உள்ளே இருக்கும் பிஸ்டன் சட்டென்று மேலே துள்ளாமல் எண்ணெய் அதை மெதுவாக எழ விடும். அந்த நேரத்துக்குள் பெற்றோல் கூடுதலாக உறிஞ்சப்படும். எண்ணெய் குறைந்தால் கார் தயங்கும். வாப்பா பாஸிடம் கொண்டுபோவார். பாஸ் மூடியைக் கழற்றுவார், குச்சியைத் தூக்கிப் பார்ப்பார், கொஞ்சம் மெல்லிய எண்ணெய் ஊற்றுவார். காசு கூட வாங்கமாட்டார். ஆக, “மிதிச்சா இழுக்குதில்ல” என்ற முறைப்பாடு இந்தக் காலத்துக் கார்களோடு பிறந்ததல்ல. அன்றும் இருந்தது. மருந்து மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து கார் இறக்குமதி நெருக்கப்பட்டது. 1977 வரை ஏறத்தாழ அதே நிலைதான். இருந்த காரை வைத்தே ஓட வேண்டிய காலம் அது. பஞ்சிகாவத்தையின் கெட்டித்தனத்தை வளர்த்ததில் அந்தக் காலத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது எங்கள் எண்ணம். பாகம் வராவிட்டால் கடைந்து செய்தார்கள். மருதானைக்கும் தெமட்டகொடைக்கும் இடையில் வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்கு அந்த இரும்புச் சத்தம் இன்னும் காதில் இருக்கும்.

1977க்குப் பிறகு கதவு திறந்தது. ஜப்பான் வாகனங்கள் வந்தன. நம்மைப் போலவே இடது பக்கம் ஓடும் நாடு, ஸ்டியரிங் வலது பக்கம். அங்கே பாவித்த கார்கள் நமக்கு அப்படியே பொருந்தின. டொயோட்டா கொரோலா, நிசான் சனி என்று வீடு வீடாக வந்தன. இவற்றின் காபரேட்டரில் எண்ணெய்க் குச்சி இல்லை, அதற்குப் பதில் ஒரு குட்டிப் பம்ப். மிதித்தவுடன் அது பெற்றோலை ஒரு பீச்சு பீச்சும். பாஸ் வடிகட்டியைக் கழற்றிவிட்டு, என்ஜின் ஓடாத நேரத்தில் கம்பியைக் கையால் இழுப்பார், டோர்ச் அடித்துத் தொண்டைக்குள் பார்ப்பார். பீச்சினால் பம்ப் நல்லது. பீச்சாவிட்டால் உள்ளே உள்ள ரப்பர் தேய்ந்திருக்கும்.

இந்த இரண்டு தலைமுறைக்கும் பொதுவான ஒன்று கேபிள். பெடலுக்கும் என்ஜினுக்கும் நடுவே ஓர் உருக்குக் கம்பி. சைக்கிள் பிரேக் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கால் எவ்வளவு இறங்குகிறதோ, காற்று வாசல் அவ்வளவு திறக்கும். 1990களில் காபரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்த பிறகும் பெரும்பாலான கார்களில் கேபிள் இருந்தது. கம்பி தளர்ந்தால் இறுக்கினோம், துருப்பிடித்தால் மாற்றினோம்.

பிறகு அந்தக் கம்பியே இல்லாமல் போனது. 1980களின் பிற்பகுதியில் பிஎம்டபிள்யூவின் பெரிய 7 வரிசைக் கார்களில் தொடங்கி, 2000களில் சாதாரண வீட்டுக் கார் வரை இந்த மாற்றம் இறங்கி வந்தது. இப்போது பெடலின் அடியில் இருப்பது கால் எவ்வளவு இறங்கியது என்று அளக்கும் உணரி மட்டும்தான். பிழை வராமல் இரண்டு அளவுகளை எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிடும். அந்தச் செய்தி கணினிக்குப் போகும். எவ்வளவு திறக்கலாம் என்று கணினி முடிவு செய்து, காற்று வாசலில் உள்ள சின்ன மோட்டாருக்குக் கட்டளை கொடுக்கும். முன்பு கால் கட்டளையிட்டது. இப்போது கால் விண்ணப்பம் போடுகிறது, கணினி கையொப்பம் வைக்கிறது. அரச அலுவலகம் போய் வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஏன் தாமதிக்கிறது? வாசல் திடீரென்று திறந்தால் புகை கூடும், எரிபொருள் வீணாகும், கியர்ப்பெட்டிக்கு அடி விழும். மாசுச் சட்டங்கள் உலகெங்கும் இறுகிய காலம் இது. இங்கேயும் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது, 2008இல் புகைப் பரிசோதனை தொடங்கியது. எனவே கம்பனிகள் பெடலின் முதல் பாதியை வேண்டுமென்றே மெதுவாக்கின. ‘ஈகோ’ பொத்தானை அழுத்தினால் இன்னும் மெதுவாகும். கியர் மாற்றமே தெரியாத சிவிடி வகைக் கியர்ப்பெட்டி இருந்தால், முதலில் சத்தம் வரும், பிறகுதான் வேகம் வரும். இதில் பாதி பழுதே அல்ல, அமைப்பு.

இன்னொரு காரணத்தை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கமாட்டோம். 2009, 2010இல் அமெரிக்காவில் டொயோட்டா கார்கள் தாமாக வேகம் எடுப்பதாகப் பெரிய பிரச்சினை எழுந்தது. பல மில்லியன் கார்கள் திருப்பி அழைக்கப்பட்டன. எலெக்ட்ரானிக் பெடல்தான் குற்றவாளி என்று பலர் சொன்னார்கள். நாசா பொறியியலாளர்கள் வரை ஆராய்ந்தார்கள். 2011 பெப்ரவரியில் வந்த அறிக்கை, அப்படியொரு மின்னணுக் குற்றத்தைக் காணவில்லை என்றது. கண்டுபிடிக்கப்பட்டவை பெடலில் சிக்கிய தரை விரிப்பும் ஒட்டிக்கொள்கிற பெடலும். தகவலை மறைத்ததற்காக 2014இல் அந்தக் கம்பனி 120 கோடி டொலர் கட்டியது. அதன் பின் பல கார்களில் ஓர் ஏற்பாடு பரவலானது: பிரேக்கும் எக்ஸலேட்டரும் ஒன்றாக மிதிபட்டால் கணினி என்ஜினை அடக்கிவிடும். கிளட்ச் காரில் பழகியவர்கள் ஒட்டோ கார் எடுத்தால் இடது காலை பிரேக் மேல் வைத்துக்கொள்கிறார்கள். பிறகு “இழுக்குதில்ல” என்கிறார்கள். கேட்ட மூவரில் ஒருவரின் கதை இதுதான்!

எங்கள் காருக்கு வருவோம். கடைசியில் பார்த்தது எங்களிடம் படித்த ஒரு பையன். ஸ்கேனரைச் சொருகி இரண்டு எண்களைக் காட்டினான். ஒன்று பெடல், மற்றது வாசல். பெடலின் எண் காலோடு ஒழுங்காக ஏறியது. வாசலின் எண் இழுபட்டு, பிந்தித்தான் ஏறியது. “சேர், கேட்கிறவர் சரியாத்தான் கேட்கிறார், திறக்கிறவருக்குத்தான் ஏலாம இருக்கு.” குழாயைக் கழற்றினான். காற்று வாசலின் விளிம்பு முழுக்கக் கறுப்புக் கரி. 2022இல் எரிபொருள் இல்லாமல் கார் கிடந்ததும், கியூஆர் வந்த பிறகு வாரத்துக்குக் கிடைத்த சில லீற்றரில் ஒழுங்கைக்குள் மட்டும் ஓடியதும் இதற்கு ஒரு காரணம் என்பது அவனுடைய கணிப்பு. குறுகிய ஓட்டமும் ஊர்ந்து போவதும் கரியைச் சேர்க்கும்.

துப்புரவாக்கும் திரவமும் துணியும் போதுமாக இருந்தது. இரண்டு எச்சரிக்கை மட்டும் சொன்னான். சுவிட்சைப் போட்டு வைத்துக்கொண்டு தகட்டை விரலால் தள்ளக் கூடாது, மோட்டாரின் பற்கள் உடையும். துடைத்த பிறகு கணினிக்குப் புதிய நிலையைப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் என்ஜின் சும்மா நிற்கும்போது ஏறி இறங்கும். கணினி இத்தனை காலமும் கரியோடு சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தது அல்லவா.

அந்த மின்பெட்டி? அது வலு எதையும் கூட்டுவதில்லை. பாதி மிதித்தால் முக்கால் மிதித்ததாகக் கணினிக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். கரி பிடித்த வாசலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கழற்றி அலமாரியில் வைத்திருக்கிறோம்.

ஐந்து வருடம் மூடியிருந்த இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்த பிறகு நம் ஒழுங்கைகளுக்குப் புது வாகனங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. நகையை விற்று எடுத்தவர்களும் இருக்கிறார்கள். காசு செலவழிக்க முதல் ஈகோ பொத்தானைப் பாருங்கள், பெடலுக்கு அடியில் விரிப்பு மடிந்திருக்கிறதா என்று பாருங்கள், இடது கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், காற்று வடிகட்டியைத் தட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் தயங்கினால், அந்த இரண்டு எண்களையும் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் பாகம் மாற்றச் சொல்பவரிடம் மாற்றாதீர்கள்.

பஞ்சிகாவத்தையில் எஸ்.யு காபரேட்டர் திருத்திய பாஸ்மாரை நினைவிருக்கும் பெரியவர்கள் கீழே எழுதுங்கள். வாப்பாவின் காருக்கு எண்ணெய் ஊற்றியவரின் முகம் நினைவிருக்கிறது, பெயர் வரவில்லை.