விபத்தும் பழியும்

'ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்' என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. தன் திறமையின்மையை மறைக்கப் பிறிதொன்றின்மேற் பழியேற்றுவோரை எள்ளும் இம்மொழியில், மேடையை எவரேனும் சென்று பார்த்தனரா என்ற வினாவுக்கு இடமேயில்லை. அவ்வாறு சென்று பார்த்த ஒருவரின் பணி விமானப் பாதுகாப்பு வரலாற்றில் ஒரு திருப்பத்தை ஏற்படுத்திற்று.

அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் இளம் உளவியலாளர் 1942 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்திலுள்ள றைற் பீல்ட் தளத்து விமான மருத்துவ ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். போர் உச்சமடைந்திருந்த காலம். பி-17 முதலிய விமானங்கள் பழுதின்றித் தரையிறங்கி ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கையிலே, சக்கரங்கள் திடீரென உள்ளிழுக்கப்பட்டு, வயிறு நிலத்தில் உராயச் சரிந்தன. இறங்குவதற்காகத் தாழ்த்திய இறக்கை மடல்களை மீண்டும் உயர்த்த எண்ணிய விமானமோட்டி, அதற்குரிய ஆளியை விடுத்துச் சக்கரங்களுக்குரிய ஆளியை இயக்கிவிட்டார். 'விமானமோட்டியின் தவறு' என்ற குறிப்போடு அதிகாரிகள் கோவையை மூடிவந்தனர்.

சப்பானிஸ் விமானத்தினுள்ளே சென்று பார்த்தார். இரண்டு ஆளிகளும் ஒரே வடிவின; அருகருகே அமைந்தவை. சி-47 போக்குவரத்து விமானத்திலோ அவை வெவ்வேறு முறையில் இயங்குவன. அதனை ஓட்டியோர் இத்தவறைச் செய்யவில்லை. கவனக்குறைவு என்பது விமானத்தின் பெயர் பார்த்தா மனிதரைப் பற்றும்? தவறு ஓட்டியவரின் கையிலன்று, வடிவமைத்தவரின் வரைபடத்திலேயே இருந்தது. 1943 இல் அவர் கண்ட பரிகாரம் மிக எளியது. சக்கரங்களுக்குரிய பிடியில் இறப்பர் விளிம்பிட்ட சிறு சக்கரமொன்றும், மடல்களுக்குரிய பிடியில் ஆப்பு வடிவான துண்டொன்றும் பொருத்தப்பட்டன. இருளிலும் களைப்பிலும் விரல்களே வேறுபாட்டை உணர்ந்துகொண்டன. இன்றைய பயணிகள் விமானங்களிலும் அப்பிடி சக்கர வடிவிலேயே அமைகின்றது.

இதன் பெறுமதியை அறிய, முன்பு செல்வாக்குப் பெற்றிருந்த கோட்பாட்டை நோக்கல் வேண்டும். முதலாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியப் போர்த்தளவாடத் தொழிற்சாலைகளில் உழைத்த பெண்களுக்கு நேர்ந்த விபத்துகளைக் கணக்கிட்டு, கிறீன்வூட், வூட்ஸ் என்போர் 1919 இல் அறிக்கையொன்றை வெளியிட்டனர். விபத்துகள் எல்லாரையும் சமமாகத் தாக்கவில்லை, ஒரு சிலருக்கே மீண்டும் மீண்டும் நேர்ந்தன என்பது அதன் முடிவு. இதிலிருந்து, 'விபத்துக்கு ஆளாகும் இயல்பு' சிலரிடம் உண்டு என்னும் கோட்பாடு வளர்ந்தது. முதலாளிமாருக்கு இதனினும் உவப்பான கோட்பாடு வேறெதுவாயிருக்க முடியும்? விரலிழந்த தொழிலாளியின் இயல்பே காரணமெனின், இயந்திரத்துக்குக் காப்பு இடும் செலவு எதற்கு? ஆகாயத்தில் இந்நோக்குத் தளர்ந்தமைக்கு மனிதாபிமானத்தை மட்டும் காரணமாகக் கூற நான் துணியேன். குண்டுவீச்சு விமானமும் பயிற்சி பெற்ற விமானமோட்டியும் போர் புரியும் அரசுக்கு விலைமிக்க உடைமைகள். நெசவாலைப் பெண்ணின் விரல் எந்த அரசின் வரவுசெலவுக் கணக்கிலும் அவ்வாறு இடம்பெறவில்லை.

போர் முடிந்தபின் அதே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த போல் பிற்ஸ், றிச்சர்ட் ஜோன்ஸ் ஆகிய இருவரும் இவ்வழியிலே மேலுஞ் சென்றனர். தாமோ பிறரோ செய்த தவறுகளை விமானமோட்டிகள் தம் வாயாலேயே விவரிக்குமாறு கேட்டனர். அனுபவித்தவனிடமே கேட்பது என்னும் இம்முறை எத்துணை எளியது! ஆயினும் அதுவரை அதன் அருமை உணரப்படவில்லை. கட்டுப்பாட்டுக் கருவிகளை இயக்குவதில் நேர்ந்த 460 தவறுகள் 1947 இல் வெளிவந்த அவர்களின் அறிக்கையில் ஆராயப்பட்டன. அவற்றுட் பாதியளவு, ஒரு கருவியை மற்றொன்றாக மாறி இயக்கியமை. எந்திர விசை, சுழலி, எரிபொருட் கலவை ஆகியவற்றுக்கான மூன்று நெம்புகோல்களும் ஒவ்வொரு வகை விமானத்திலும் ஒவ்வொரு வரிசையில் அமைந்திருந்தன! மனிதனின் தேவைக்கேற்பக் கருவிகளை அமைத்தால், 'விமானமோட்டியின் தவறு' எனப்படுவனவற்றுட் பெரும்பகுதியை ஒழிக்கலாம் என்பது அவர்கள் துணிபு.

ஆய்வுகூடத்திற் பெற்ற இத்தெளிவு விசாரணை மண்டபங்களை எட்ட நெடுங்காலஞ் சென்றது. 1958 பெப்ரவரி 6 ஆந் திகதி, மான்செஸ்டர் யுனைற்றெட் உதைபந்தாட்டக் குழுவினரை ஏற்றிய விமானம் மியூனிச் நகரில் மூன்றாம் முறை மேலெழ முயன்று, இயலாது மோதிற்று. அதிலிருந்த 44 பேரில் 23 பேர் மாண்டனர். இறக்கைகளில் உறைந்த பனியை அகற்றுவியாது விட்டார் எனத் தலைமை விமானமோட்டி ஜேம்ஸ் தெயின்மீது மேற்கு ஜேர்மனிய விசாரணையாளர் பழி சுமத்தினர். ஓடுபாதையிற் கிடந்த உருகுபனிச் சேறு விமானத்தின் வேகத்தை எவ்வளவு குறைக்கும் என்பது அன்று சரிவர அறியப்படாத ஒன்று. பரிசோதனைகள் அதன் வலிமையைப் பின்னரே புலப்படுத்தின. சேறே காரணம், தெயின் குற்றவாளியல்லர் எனப் பிரித்தானிய விசாரணைக் குழு 1969 இல் முடிவு கூறிற்று.

அவர் 1960 இலேயே வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தார். கோழிப்பண்ணை நடத்திவந்த அவர் 1975 இற் காலமானார்.