நிலையாக ஒருவர்: களுத்துறைச் சுகாதார அலகின் நூறாண்டு

நூறு ஆண்டுகளுக்கு முன் இலங்கைக் கிராமமொன்றில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு நடக்க வேண்டும். கிணற்றைப் பார்க்கவோ, கர்ப்பிணியை வீட்டுக்கே வந்து விசாரிக்கவோ பெரும்பாலான ஊர்களில் யாரும் இருக்கவில்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு அந்த நிலையை மாற்றத் தொடங்கியது. 2026இல் அதற்கு நூறாண்டு நிறைகிறது.

இந்த அமைப்பின் வேர் அமெரிக்கக் கவுண்டிகளில் இருக்கிறது. 1911இல் வொஷிங்டன் மாநிலத்தின் யக்கிமா கவுண்டியை நெருப்புக்காய்ச்சல் வாட்டியது. விசாரிக்க வந்த மருத்துவர் லெஸ்லி லம்ஸ்டன், முழுநேரச் சுகாதார அதிகாரி ஒருவர் தேவை என்றார். கவுண்டி அதை ஏற்றது. அதே ஆண்டில் வட கரோலினாவின் கில்ஃபர்ட் கவுண்டியும் அவ்வழியே சென்றது. தெற்கு மாநிலங்களிலோ, ஜோன் டி. ரொக்பெல்லர் 1909இல் கொடுத்த 10 லட்சம் டொலரைக் கொண்டு கொக்கிப்புழு ஒழிப்பு நடந்தது. கவுண்டிகளும் தம் கையிலிருந்து காசு போட்டால்தான் வேலை நிலைக்கும் என்பதை ரொக்பெல்லர் அமைப்பினர் அங்கே கற்றார்கள். வெளியார் பணம் படிப்படியாகக் குறைய, உள்ளூர்ப் பணம் அந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்பது பின்னர் அவர்களின் கொள்கையாயிற்று.

அதே அமைப்பினர் 1910களின் நடுப்பகுதியில் இலங்கைக்கு வந்தபோது முதலில் போனது தோட்டங்களுக்கு. தமிழகத்திலிருந்து வந்து உழைத்த நம் மக்களின் இரத்தத்தைக் கொக்கிப்புழு உறிஞ்சிக்கொண்டிருந்தது. மருந்து கொடுத்தார்கள்; புழு விழுந்தது. லயத்தில் மலகூடம் இல்லாததால் வெறுங்காலில் நடந்தவர்களுக்கு மறுபடியும் தொற்றியது. மருந்தோடு வந்துபோகும் குழுவால் இதைத் தீர்க்க முடியாது. ஊரிலேயே தங்கி, மலகூடம் கட்டும்வரை விடாமல் கேட்கும் ஆள் வேண்டும். களுத்துறை அலகு இந்தப் பாடத்திலிருந்து பிறந்தது.

ஒரு சுகாதார வைத்திய அதிகாரி; அவரோடு பொதுச் சுகாதாரத் தாதியர், பரிசோதகர்கள், மருத்துவமாதுகள். எல்லை வகுத்த நிலப்பரப்பு, அதற்குள் வாழும் ஒவ்வொரு குடும்பமும் இவர்கள் பொறுப்பு. பிறப்பு இறப்புக் கணக்கு, தொற்றுநோய்த் தடுப்பு, தாய் சேய் நலம், பாடசாலைப் பிள்ளைகளின் பரிசோதனை, கிணறு, மலகூடம், சந்தை உணவு என்று வேலை விரிந்தது. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் குட்டைகளாகத் தேங்கி நுளம்பு பெருகியது. 1934–35 மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அந்தப் பேரிழப்புக்குப் பின், நிலையான சுகாதார ஊழியர் தேவையில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் எழவில்லை. அலகுகள் நாடெங்கும் பரவின.

1930களின் தொடக்கத்தில் 100,000 உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 2010களில் அந்த எண் 40க்கும் கீழே இருந்தது. இலவசக் கல்வி, வைத்தியசாலைகள், மலேரியா ஒழிப்பு எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் வயிற்றுப் பிள்ளைக்காரியின் பெயரைப் பதிவேட்டில் முதலில் எழுதியவர் மருத்துவமாதுதான். இந்த நூற்றாண்டு மலரின் முதல் வணக்கம் அவருக்கு. களுத்துறையின் தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் அவர் போன்ற களப்பணியாளர்களை இன்றும் பயிற்றி அனுப்புகிறது.

வாழ்த்தோடு ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். 1947இன் முதல் அமைச்சரவையில் சுகாதாரமும் உள்ளூராட்சியும் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவின் கீழ் ஒரே அமைச்சாக இருந்தன. 1987இல் அரசியலமைப்புக்கு வந்த 13ஆம் திருத்தத்துக்குப் பின் களச் சுகாதாரம் மாகாணத்தின் கைக்குப் போனது. கொழும்பு மாநகர சபைக்குச் சொந்தமாகச் சுகாதாரத் திணைக்களம் உண்டு. பிரதேச சபைகளிலோ குப்பையும் வடிகாலும் சந்தையும் சபையின் பொறுப்பு. அவற்றைப் பார்த்துக் குறை சொல்லும் பரிசோதகரின் சம்பளம் மாகாணத்தினது. மாகாணத்தின் பணமோ பெரும்பாலும் மத்தியிலிருந்து வருகிறது. ஒரு தெருவின் தேங்கிய நீருக்கு மூன்று அலுவலகங்கள் பொறுப்பு என்றால், நுளம்பு காத்திருக்காது.

கேள்வி கேட்க வேண்டிய சபைகளும் இடையிடையே வெறுமையாகின்றன. மாகாண சபைகளின் பதவிக்காலங்கள் முடிந்தபின் தேர்தல் நடக்காமலே ஆண்டுகள் கழிந்தன. உள்ளூராட்சி சபைகள் 2023 மார்ச்சில் கலைந்தன. அடுத்த தேர்தல் 2025 மே மாதத்தில்தான் நடந்தது. சுமார் 3,000 பேருக்கு ஒரு மருத்துவமாது, 10,000 பேருக்கு ஒரு பரிசோதகர் என்பது நெறி. வெற்றிடம் எவ்வளவு, எப்போது நிரப்புவீர்கள் என்று மாதந்தோறும் கேட்க, வாக்குப் பெற்ற உறுப்பினர் வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி சபைக் கூட்டத்தில் அமர்ந்து கணக்குச் சொல்ல வேண்டும். சபை தன் வரவு செலவில் வடிகாலுக்கு ஒதுக்கியதை அவரிடம் காட்ட வேண்டும்.

யக்கிமாவும் நம் தோட்ட லயங்களும் ஒரே பாடத்தைத்தான் சொல்லின: ஊரில் தங்கும் ஆள், ஊர் போடும் பணம், ஊர் கேட்கும் கேள்வி. முதலாவதைக் களுத்துறை நூறு ஆண்டுகளாகக் காத்துத் தந்திருக்கிறது. மற்ற இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது அந்த மருத்துவமாதின் கையால் பிறந்து வளர்ந்த நம் கடன்.