ஐந்தாண்டு அளவுகோலும் குருதிக்குழாய்களும்: குழந்தைப்பருவப் புற்றுநோயிலிருந்து மீண்டோர் குறித்த வரலாற்று நோக்கு

1948ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், குருதிப்புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் அளித்ததில் 10 பேரிடம் நோய் தணிந்ததாக அறிவித்தார். அத்தணிவு நீடிக்கவில்லை. 1962 முதல் மெம்ஃபிஸ் நகரில் டொனால்டு பிங்கெல் பல மருந்துகளையும் கதிர்வீச்சையும் ஒருங்கிணைத்தார். அப்பத்தாண்டின் இறுதியில் சிகிச்சை பெற்றோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைத்தனர். உயிர்காப்பதே முதன்மையாயிருந்த அக்காலத்தில், ஐந்தாண்டு உயிர்வாழ்தலே வெற்றியின் அளவுகோலாயிற்று. நோய் மீள்வதைக் கணிக்க ஏற்றதாயிருந்த அவ்வளவுகோல், மெல்ல முதிரும் குருதிக்குழாய்ச் சேதத்தைக் காணவியலாததாக இருந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஹாட்ஜ்கின் நோய்க்காக மார்பில் செலுத்தப்பட்ட கதிர்வீச்சு இதயத் தமனிகளையும், கழுத்தில் செலுத்தப்பட்டது மூளைக்குச் செல்லும் தமனிகளையும் தாக்கியது. கதிர்வீச்சால் தமனியின் உட்படலம் புண்படுகிறது. சுவர் தடித்து உள்வழி குறுகுகிறது. மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ இது வெளிப்படப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் குழந்தை 'குணமடைந்தோர்' கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

குணப்படுத்துதல் மட்டும் போதாது என 1975இல் ஜூலியோ டான்ஜியோ வலியுறுத்தினார். அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய குழந்தைப்பருவப் புற்றுநோய் மீண்டோர் ஆய்வு, 1970க்கும் 1986க்கும் இடையில் நோய் கண்டறியப்பட்டு ஐந்தாண்டு கடந்தோரைத் தொடர்ந்து கண்காணித்தது. பழைய கணக்கு முடிந்த இடமே புதிய ஆய்வின் தொடக்கமாயிற்று. அவ்வாய்வின் 2006ஆம் ஆண்டு அறிக்கை, சராசரியாக 27 வயதை எட்டியிருந்த 10,397 பேருள் 62 விழுக்காட்டினர்க்கு ஒரு நாட்பட்ட நோயேனும் இருந்ததைக் காட்டியது. இதயத்தில் 15 கிரே அல்லது அதற்கு மேற்பட்ட கதிர்வீச்சு பெற்றோர்க்கு மாரடைப்பு உள்ளிட்ட இதய நோய்களின் இடர் கூடுவதை 2009ஆம் ஆண்டு அறிக்கை நிறுவியது.

இதற்கிடையே கதிர்வீச்சின் அளவும் பரப்பும் குறைக்கப்பட்டன. ஐந்தாண்டு கடந்தோருள் அடுத்த 15 ஆண்டுகளில் இறந்தோர் விகிதம், எழுபதுகளின் தொடக்கத்தில் சிகிச்சை பெற்றோரிடம் இருந்ததைவிடத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெற்றோரிடம் குறைந்திருந்தது.

எனினும், முந்தைய சிகிச்சை பெற்றோர் இன்று நடுவயதைக் கடந்து வருகின்றனர். தமக்களிக்கப்பட்ட கதிர்வீச்சின் அளவைப் பலர் அறியார். நெஞ்சுவலியுடன் வருவோரின் இளமைக்கால நோயை மருத்துவரும் வினவாதிருக்கலாம். ஆகவே, பழைய சிகிச்சைக் குறிப்பேடு வரலாற்று ஆவணம் மட்டுமன்று. இன்றைய நோயறிதலுக்கும் அதுவே முதற்சான்று.