மிராசுதார் என்றால் யார்?

தஞ்சாவூரில் அரசு ராஜா மிராசுதார் மருத்துவமனை இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மிராசுதார் என்றால் பெரிய பணக்காரர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சொல்லைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

'மிராசு' அரபியிலிருந்து வந்தது. வாரிசாகக் கிடைக்கும் சொத்து என்று பொருள். 'தார்' பாரசீக விகுதி, வைத்திருப்பவர் என்று பொருள். ஆக, மிராசுதார் என்றால் பரம்பரைச் சொத்து உடையவர். ஜமீன்தாரும் இவரும் ஒன்றல்ல. ஜமீன்தார் பல ஊர்களின் வரியை வசூலித்து அரசுக்குக் கட்டியவர். மிராசுதாருக்கோ தன் ஊர் நிலத்திலேயே பரம்பரை உரிமை.

சொல்தான் வெளியிலிருந்து வந்தது, உரிமை பழையது. சோழர் கல்வெட்டுகளில் அதன் பெயர் 'காணி'. மிராசும் காணியாட்சியும் ஒன்றே என்று சென்னை கலெக்டராக இருந்த எல்லீஸ் எழுதியது 1818-ல் அச்சானது.

பி.காம். மாணவனான எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். பல ஊர்களில் நிலம் மொத்தமும் பங்குகளாகக் கணக்கிடப்பட்டது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வயல்களை மாற்றிக்கொள்வார்கள். ஆனால் பங்கு மாறாது. அதை விற்கலாம், அடகும் வைக்கலாம். கிட்டத்தட்ட இன்றைய கம்பெனி ஷேர் மாதிரி! நம் பாடப்புத்தகத்தில் வரும் 'பங்குதாரர்' என்ற சொல்லில் இருப்பதும் அதே 'தார்'தான்.

நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்கும் அந்த விகுதி கிடைத்தது: குத்தகைதாரர். ஆனால் சேற்றில் இறங்கி உழுதவருக்கு? அவர் வெறும் 'பண்ணையாள்'. வைத்திருக்க எதுவும் இல்லாததால் 'தார்' இல்லை, 'ஆள்' மட்டும்தான். குத்தகைதாரரையும் பண்ணையாளையும் காக்கத் தஞ்சாவூருக்கென்றே தனிச் சட்டம் வந்தது 1952-ல்தான். அதன் பிறகும் 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வுப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள்.

1961-ன் நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு வைத்தது. 1970-ல் அது 15 ஆனது. மிராசுதார் என்ற பட்டம் மெல்ல மறைந்துவிட்டது.

யாரிடம் சொத்து இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இத்தனை சொற்கள். அந்தச் சொத்தை விளைய வைத்தவர் யார் என்று சொல்ல மரியாதையான ஒரு சொல் இருந்ததா? உங்கள் ஊர்ப் பக்கம் இருந்தால் எனக்கும் சொல்லுங்களேன்.