மாதிரி ரயில் தளத்தில் என்ஜின் கொட்டகை

என்ஜின் கொட்டகை அல்லது லோகோ ஷெட் என்பது, ரயில் என்ஜின்களை நிறுத்தி, எரிபொருள், தண்ணீர், மணல் நிரப்பி, அடுத்த ஓட்டத்துக்கு ஆயத்தம் செய்யும் இடம். மாதிரி ரயில் ஆர்வலர்கள் இதை விரும்பிக் கட்டுவதற்கு எளிய காரணம் உண்டு: வாங்கிச் சேர்த்த என்ஜின்களை ஓட்டாமலேயே வரிசையாக நிறுத்திப் பார்க்கலாம். கொட்டகையின் வடிவத்தை முடிவு செய்வது, அதில் நிற்கும் என்ஜின் எதைத் தின்கிறது என்பதுதான். கரியா, எண்ணெயா, டீசலா என்று தீர்மானிக்காமல் சுவர் எழுப்பத் தொடங்கினால் கிடைப்பது ஒரு கிடங்கு.

எந்த ஊரின் கொட்டகையைக் கட்டுவது என்பது அடுத்த கேள்வி. தமிழகத்தை ஒட்டிய கேரள எல்லையில் உள்ள நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை நிலையங்களில் எதிலும் என்ஜின் கொட்டகை கிடையாது. திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி பாதை 1979 ஏப்ரலில் திறக்கப்பட்டபோதே அகலப் பாதையாகத்தான் போடப்பட்டது. இந்த ஊர்களை மீட்டர் பாதை தொட்டதே இல்லை. கொல்லத்திலிருந்து வந்த மீட்டர் பாதை 1918-இல் திருவனந்தபுரத்தை எட்டி, அங்கேயே நின்றுவிட்டது. ஆகவே பாறசாலையில் நீராவி என்ஜின் கொட்டகை கட்டுபவர், திருவிதாங்கூர் காலத்திலேயே அந்தப் பாதை தெற்கே நீண்டிருந்தால் என்ற கற்பனையை வைத்துத்தான் கட்ட வேண்டும். 1956 மாநில எல்லைச் சீரமைப்பில் விளவங்கோடும் செங்கோட்டையும் தமிழகத்துக்கு வந்து, நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கிய கதையை அறிந்தவர்களுக்கு, இந்த மண்ணில் ‘இப்படி நடந்திருந்தால்’ என்ற பேச்சு புதிதல்ல. மாதிரி ரயில் உலகில் இது முழுக்க ஏற்கத்தக்க வழக்கம். கற்பனைப் பாதையானாலும் கரிக்கும் சாம்பலுக்கும் இடம் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

நேரில் பார்த்துப் பழக ஏற்ற கொட்டகை குன்னூரில் இருக்கிறது. மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதை 1899-இல் திறக்கப்பட்டது. 1908-இல் உதகைவரை நீண்டது. தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதித்த கல்லாறு–குன்னூர் ஏற்றத்தில் ஓடும் எக்ஸ் வகை என்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் வடிவமைக்கப்பட்டவை. 2000-களின் தொடக்கத்தில் அவற்றில் சில எண்ணெய்க்கு மாற்றப்பட்டன. பிறகு திருச்சி பொன்மலைப் பணிமனை புதிய எண்ணெய் என்ஜின்களையே கட்டித் தந்தது. 2021-இல் கரியில் ஓடும் ஒன்றையும் கட்டியது. ஒரே பாதையில் இரு எரிபொருளும் புழங்கியதால், மாதிரி செய்பவருக்கு இது நல்ல பாடம். கரிக்காலத்தைக் காட்ட கரிமேடை, சாம்பல் குழி, குழியோரம் கிளறுகோல் வேண்டும். எண்ணெய்க்காலத்துக்கு ஒரு தொட்டியும் குழாயும் போதும். சாம்பல் மறைந்து, தரையில் எண்ணெய்க் கறை படரும். தண்ணீர்த் தூண் இரண்டுக்கும் பொது.

அளவுக்கு வருவோம். 1:87 என்ற எச்.ஓ. அளவில் இந்திய மீட்டர் பாதை 11.5 மி.மீ. ஆகிறது; கடையில் கிடைக்கும் 12 மி.மீ. தண்டவாளம் ஏறக்குறைய பொருந்திவிடும். அகலப் பாதைக்கு 19.3 மி.மீ. வேண்டும், கிடைப்பதோ 16.5. ஓடும் பாதையில் இந்தக் குறை கண்ணில் படாது. ஆய்வுக் குழிமேல் தண்டவாளம் வெறுமனே தெரியும் இடத்தில் உடனே பட்டுவிடும். டபிள்யூ.டி.எம்.-2 டீசல் என்ஜினின் நீளம் 17.12 மீட்டர், மாதிரியில் 197 மி.மீ. இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக நிற்க, கொட்டகை 45 செ.மீ. நீளமாவது வேண்டும். இருப்புப் பாதைகளின் மையங்களுக்கு இடையே 5.3 மீட்டர் என்ற இந்திய அளவைக் கொண்டால் 61 மி.மீ. வரும். ஃபிட்டர் நடக்க இடம் வேண்டும் என்பதால் கொட்டகைக்குள் இன்னும் கொஞ்சம் தாராளமாக விடுவது நல்லது.

முதலில் குழி, பிறகுதான் சுவர். அடித்தளப் பலகையில் பள்ளம் வெட்டி, ஓரங்களில் பிளாஸ்டிக் பட்டை ஒட்டி, அதன்மேல் தண்டவாளத்தைப் பசையால் பதிக்க வேண்டும். ஆள் நின்று வேலை செய்யும் ஆழத்துக்கு 10 மி.மீ. போதும். பசை காயும்வரை இடைவெளி அளவுகோல் அங்கேயே இருக்கட்டும், அரை மி.மீ. பிசகினாலும் சக்கரம் இறங்கிவிடும். டீசல் கொட்டகையானால் குழியோடு, என்ஜின் தளத்தின் உயரத்துக்கு இருபுறமும் மேடையும் தேவை.

சுவருக்கு ஃபோம் போர்டு போதும். தென்திருவிதாங்கூர்ச் சாயல் வேண்டுமென்றால் பூசாத வெட்டுக்கல்லைக் காட்டலாம்: மழுங்கிய பேனாவால் கற்களைக் கீறி, செங்காவி வண்ணத்தைச் சீரில்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே நிறமாக அடித்தால் அது செங்கல்லாகிவிடும்.

பலர் தோற்பது கூரையில். நெளிதகரத்தின் நெளிவு உண்மையில் சுமார் 76 மி.மீ.; மாதிரியில் 0.9 மி.மீ.க்கும் குறைவு. அட்டைப்பெட்டியின் நெளிவை ஒட்டினால் மாட்டுத் தொழுவம்போலத் தெரியும். சமையலறை அலுமினியத் தாளை ரப்பர் மெத்தைமேல் விரித்து, எம்5 மரை போட்ட கம்பியை அழுத்தி உருட்டினால் 0.8 மி.மீ. இடைவெளியில் கோடுகள் விழும். அதைத் துண்டு துண்டாக வெட்டி, கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்று ஏற வைத்து ஒட்ட வேண்டும். ஒரு தகடு துருவேறியும் பக்கத்துத் தகடு புதிதாகவும் இருந்தால் கூரை நிஜமாகும். நீராவிக்காலக் கூரையின் உச்சியில் புகை வெளியேறத் திறப்பு விட்டு, அதைச் சுற்றி மட்டும் கரித்தூளைத் தேய்க்கலாம்.

பாறசாலைப் பக்கத்தைத் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் நனைக்கும். எனவே துருவைவிடப் பாசிக்கே முதலிடம். கூரைத் தண்ணீர் சொட்டும் சுவரடியில் கரும்பச்சை, குழிவிளிம்பில் எண்ணெய்க் கருமை, நடைபாதையில் வெளிறிய மண். மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மின்னிணைப்பை அடித்தளம் போடும்போதே முடித்துவிட வேண்டும். சாதாரண நேர்மின் முறையில், கொட்டகையின் ஒவ்வொரு இருப்புப் பாதைக்கும் தனித்தனி ஸ்விட்ச் வேண்டும்; இல்லையென்றால் ஒரு என்ஜினை வெளியே எடுக்கும்போது உள்ளே நிற்பவையும் சேர்ந்து நகரும். ஒவ்வொரு என்ஜினுக்கும் தனித்தனியே கட்டளை அனுப்பும் டி.சி.சி. முறையில் அந்தத் தொல்லை இல்லை. எந்த முறையானாலும் கூரையை ஒட்டாமல், கழற்றி எடுக்கும்படி வைப்பதே நல்லது. தடம் புரண்ட என்ஜினை வாசல் வழியாக விரல் விட்டு எடுக்க முடியாது.