இந்தியாவின் சுற்றுச்சூழல் ராஜதந்திரமும் சிவகாசிப் பட்டாசுத் தொழிலும்

இந்தியாவின் சுற்றுச்சூழல் ராஜதந்திர வரலாறு பெரும்பாலும் ஸ்டாக்ஹோம், ரியோ டி ஜெனிரோ, பாரிஸ் என மாநாடு நடந்த நகரங்களின் பெயர்களைக் கொண்டே எழுதப்படுகிறது. அந்த மாநாடுகளில் ஏற்கப்பட்ட கோட்பாடுகளுள் ஒன்று, விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசியிலும் எம். புதுப்பட்டி போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் உள்ள பட்டாசு ஆலைகளில் எந்த ரசாயனத்தைக் கலக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பின்னாளில் வந்து சேர்ந்தது.

ஸ்டாக்ஹோமில் எழுந்த கேள்வி

1972 ஜூனில் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகள் அவையின் மனிதச் சூழல் மாநாடு நடைபெற்றது. அதில் உரையாற்றிய அரசுத் தலைவர்கள் இருவர் மட்டுமே. ஒருவர் மாநாட்டை நடத்திய சுவீடனின் பிரதமர் ஓலோப் பால்மே. மற்றவர் இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி. வறுமையும் தேவையும்தாமே பெரிய மாசுகள் என்ற பொருள்படும் கேள்வியை அவர் அங்கே எழுப்பினார். பிற்காலத்தில் இது ஏழைகள்மீது பழி போடும் கூற்றாகவும் மேற்கோள் காட்டப்பட்டது. அவர் சொல்லவந்தது அதுவன்று. ஏழைகளின் பிழைப்புக்கு வழி செய்யாமல் சூழலைக் காக்கும்படி அவர்களிடம் கேட்க முடியாது என்பதே உரையின் சாரம்.

ஸ்டாக்ஹோமின் விளைவு உள்நாட்டிலும் தெரிந்தது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம், சூழல் பாதுகாப்பை அரசமைப்புச் சட்டத்தில் சேர்த்தது. 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டமும், போபால் விபத்துக்குப் பின் வந்த 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் தத்தம் முகப்புரையிலேயே ஸ்டாக்ஹோம் மாநாட்டைக் குறிப்பிடுகின்றன.

அடுத்த பெரிய பேரம் ஓசோன் படலம் தொடர்பானது. 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா உடனே சேரவில்லை. கேடு விளைவித்த பொருள்களைப் பெருமளவில் பயன்படுத்தியவை பணக்கார நாடுகள். மாற்றுப் பொருளுக்கு மாறும் செலவை ஏழை நாடுகள் ஏன் சுமக்க வேண்டும் என்பது அதன் வாதம். 1990இல் லண்டன் கூட்டத்தில் அதற்கென ஒரு நிதியம் ஏற்கப்பட்டது. 1992இல் இந்தியா இணைந்தது. அதே ஆண்டு ரியோ பிரகடனத்தின் 7ஆவது கோட்பாடு, நாடுகளுக்குப் பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள் உண்டு என ஏற்றது. இந்தியத் தரப்பு இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கும் நிலைப்பாடு இது.

ரியோவிலிருந்து பாலாற்றுக்கு

ரியோ பிரகடனத்தின் 15ஆவது கோட்பாடு முன்னெச்சரிக்கை பற்றியது. பெருங்கேடு நேரும் அபாயம் இருக்கையில், அறிவியல் முழு உறுதி தரவில்லை என்று சொல்லித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறது அது. பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகளுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் இதை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. ஆக, ரியோவின் வாசகம் இந்தியச் சட்டமாக வேரூன்றியது தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான்.

சிவகாசி

2015இல் டெல்லியில் மூன்று குழந்தைகளின் பெயரால், பட்டாசுப் புகைக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. அதில் உச்ச நீதிமன்றம் 2017 ஜூலையில் ஆன்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், ஈயம் ஆகியவற்றைப் பட்டாசில் சேர்க்கத் தடை விதித்தது. 2018 அக்டோபர் 23 அன்று பேரியம் உப்புகளும் சரவெடியும் தடை செய்யப்பட்டன. தீபாவளியன்று வெடிக்க இரண்டு மணி நேரமே அனுமதி. வேலைவாய்ப்பு பறிபோகும் என்ற வாதத்துக்கு எதிராக, முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் வேலூர் வழக்கையும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது.

'பச்சை உப்பு' எனப்படும் பேரியம் நைட்ரேட் சாதாரணச் சேர்மானம் அன்று. பச்சை நிறச் சுடரைத் தருவதோடு, எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனையும் அதுவே தருகிறது. கம்பி மத்தாப்பு, சங்குசக்கரம், புஸ்வாணம் ஆகியவற்றில் அது நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. தீர்ப்பை அடுத்து, தெளிவு கோரி உற்பத்தியாளர்கள் ஆலைகளை மூடினர். வானம் பார்த்த பூமியான அப்பகுதியில், பட்டாசு வேலை நின்றால் உடனே கிடைக்கும் மாற்று வேலை குறைவு. கூலிக்குப் போகும் பெண்களின் வீடுகளே முதலில் அடிவாங்கின.

2019இல் நாக்பூரின் நீரி ஆய்வகம், துகள் மாசைச் சுமார் 30 விழுக்காடு குறைக்கும் 'பசுமைப் பட்டாசு' கலவைகளை வெளியிட்டது. தொழில்நுட்பம் கிடைத்தது. மாண்ட்ரியல் பேரத்தில் இந்தியா வற்புறுத்திப் பெற்றதுபோல, மாற்றத்தின் செலவைப் பகிர்ந்துகொள்ளும் நிதியம் எதையும் 2018ஆம் ஆண்டின் தீர்ப்பு உருவாக்கவில்லை. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு சிவகாசிவரை வந்தது. வேறுபட்ட பொறுப்பு என்ற அதன் துணைக் கோட்பாடு வரவில்லை. டெல்லிக் குழந்தைகளின் மூச்சுக்கான உரிமையை இது எவ்விதத்திலும் குறைப்பதில்லை. ஆனால் 1972இல் இந்தியா உலகத்திடம் கேட்ட கேள்வியை, இப்போது சிவகாசி இந்தியாவிடம் கேட்க இடமிருக்கிறது.

மேம்படுத்திய கலவையில் பேரியத்தைச் சேர்க்கவும் சரவெடி தயாரிக்கவும் அனுமதி கோரிய மனுவை, 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது.