உப்பின் இழுவை: தொட்டறியும் அறிவியல் கருவிகள் வளர்ந்த வழி

மரக்காணம் உப்பளத்தில் பாத்திக்குள் இறங்குகிறவருக்குத் தரை எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்பதைப் பாதமே சொல்லிவிடும். ஆனால் நீரின் உப்படர்த்தி பாமே அளவில் 25 டிகிரியை எட்டும்போது சோடியமும் குளோரைடும் ஒன்றையொன்று இழுத்துப் படிகமாகும் விசை எந்தப் பாதத்துக்கும் எட்டாது. அணுக்களுக்கு இடையிலான அத்தகைய விசையைக் கைக்குக் கொண்டுவரும் முயற்சி அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவருகிறது.

அதன் வேர் அணு ஆய்வில் இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் ரேமண்ட் கோர்ட்ஸ், கதிரியக்கப் பொருள்களைச் சுவருக்கு அப்பால் நின்று கையாளும் இயந்திரக் கைகளை 1950களில் உருவாக்கினார். பிடித்த பொருளின் எதிர்ப்பு, பிடிப்பவர் கையிலும் உறைத்தது. 1967இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஃபிரெட்ரிக் புரூக்ஸ் தொடங்கிய 'குரோப்' திட்டம் இதே வகைக் கையைக் கணினியோடு இணைத்தது. மருந்து மூலக்கூற்றைப் புரதத்தின் பள்ளத்தில் பொருத்திப் பார்ப்பதும், பொருந்தாத இடத்தில் கை தள்ளப்படுவதும் அதன் இலக்கு. இயந்திரக் கை இருந்தது. விசையை உடனுக்குடன் கணக்கிடும் கணினிதான் இல்லை. 1976க்குப் பிறகு பத்தாண்டு போல வேலை கிடப்பில் கிடந்தது. 1990இல் வெளியான அறிக்கை, படத்தை மட்டும் காட்டும் முறையைவிடத் தொடுவிசையும் சேர்ந்த எளிய அமைப்புகள் ஏறத்தாழ இருமடங்கு பயன் தந்ததாகச் சொன்னது.

சென்னையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. குரோப் தொடங்குவதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1963இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும், புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று வரைபடமிட்டார்கள். அணுக்கள் எவ்வளவு நெருங்கினால் முட்டும் என்பதே அவர்களின் அளவுகோல். அவர்கள் தாளில் வரைந்த அந்த எல்லையைத்தான் பிற்காலக் கருவி கைக்கு உதையாகத் தந்தது என்பேன்.

திருப்பம் 1993இல் வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தாமஸ் மாஸியும் கென்னத் சாலிஸ்பரியும் மேசை மேல் அடங்கும் 'ஃபேன்டம்' கருவியைச் செய்தார்கள். விரல்நுனியைத் தையல் விரலுறை போன்ற ஒன்றில் நுழைத்தால், திரையிலுள்ள பொருள் விரலைத் தடுக்கும். கண்ணுக்கு நொடிக்கு முப்பது படம் போதும். விரலுக்கோ விசையை நொடிக்கு ஆயிரம் முறை புதுப்பிக்க வேண்டும். குறைந்தால் கெட்டியான பரப்பும் அதிரும். அதே ஆண்டில் வட கரோலினாவினர் நுண்ணோக்கி முனையோடு விசைக் கையை இணைத்து, அணு அளவிலான மேடுபள்ளங்களைத் தடவிப் பார்த்தார்கள்.

எம்.ஐ.டி. தொடுவுணர்வு ஆய்வகத்தை வழிநடத்தியவர் மண்டயம் சீனிவாசன். 2002இல் அவர் குழுவும் லண்டன் குழுவும் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலிருந்து ஒரே மெய்நிகர் பெட்டியைச் சேர்ந்து தூக்கினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் எம். மணிவண்ணனின் ஆய்வகம் இத்துறையை மருத்துவப் பொறியியலை ஒட்டி வளர்த்தது. அறுவைச் சிகிச்சைப் பயிற்சிக்கு அதன் தேவை மிகப் பெரிது. ஆனால் வேதியியல் வகுப்பறைக்கும் இது வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மரக்காணத்துப் பள்ளி மாணவி ஒருத்தி, உப்புப் படிகத்தில் காலியான ஓரிடத்துக்கு ஒரு சோடியம் அயனியை இத்தகைய விசைக் கருவியால் நகர்த்துவதாக வைத்துக்கொள்வோம். அண்டைக் குளோரைடுகள் அவள் கையை இழுக்கும். எதையாவது மிக நெருங்கினால் அது தள்ளும். எல்லாப் பக்கமும் 2.8 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி அமைந்ததும் கை தானாக நிற்கும்.